ஷட்டர் தூக்கினால் அருவி

பிப்ரவரி 9

எங்கள் அருவி ஒரு மோசடி. வெயில் காலம் தொடங்கிவிட்டால் அதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மேலே காட்டுக்குள் ஒரு சின்ன அணை இருக்கிறது. காலையில் அதன் ஷட்டரைத் தூக்கினால் அருவி விழும். சாயங்காலம் இறக்கினால் நின்றுவிடும். தூக்கி இறக்குகிறவர் என் அத்தான், அக்காவின் கணவர். கீழே கம்பித் தடுப்பின் பக்கத்தில் மைக்கும் விசிலுமாக நிற்பவள் நான். பாறை வழுக்கும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நாள் முழுக்கக் கத்துவது என் வேலை. தண்ணீர் நின்றிருக்கும் நேரத்தில் அருவி விழும் பள்ளத்தில் இறங்கி பாட்டில், ஷாம்பு உறை, ஒற்றைச் செருப்பு எல்லாம் பொறுக்குகிறவள் அக்கா. ஒரு குடும்பமே சேர்ந்து இயற்கையை நடத்திக்கொண்டிருக்கிறோம்.

நுழைவாயில் பலகையில் 'இயற்கை அன்னையின் மடியில்' என்று போட்டு, கீழே பார்க்க வேண்டிய இடங்கள்: அருவி, காட்சி முனை, படகு ஏரி, மான் மேடு. ஏரி பொக்லைன் வைத்துத் தோண்டியது. மான்கள் வருவது தினமும் கொட்டுகிற உப்புக்காக. மலை மட்டும் நிஜம். அதிலும் ஒரு பக்கத்தை வெட்டி வண்டி நிறுத்துகிறார்கள்.

பிப்ரவரி 15

எங்கள் தெருக் குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. குழாய்க்கும் அதே அணையிலிருந்துதான் வரவேண்டும். ஆனால் இருப்பது அருவிக்கே போதவில்லையாம்.

அக்கா காலிக் குடத்தை அத்தான் முன்னால் 'ணங்'கென்று வைத்தாள். "மகாராஜா! ஊருக்கெல்லாம் அருவி விடுறீங்க. பொண்டாட்டிக்கு ஒரு குடம் விடக் கூடாதா?"

"மனு எழுதிக் குடு. மேலிடத்துக்கு அனுப்பி வைக்கிறேன்."

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. எதற்கெடுத்தாலும் ஏன் சிரித்துத் தொலைக்கிறோம்?

பிப்ரவரி 22

சைரனைக் கழற்றிவிட்டார்கள். ஷட்டரைத் தூக்குவதற்கு முன் அதை ஊதுவது வழக்கம். பள்ளத்தில் இருப்பவர்கள் கரையேறிவிடுவார்கள். மேனேஜருக்கு அது உறுத்தலாக இருந்திருக்கிறது. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'குடை'. மழையே பெய்யாத மாதத்திலும் விரித்த குடையோடுதான் நடப்பார்.

"இயற்கை அருவிக்கு எதுக்குங்க சைரன்னு டூரிஸ்ட் கேக்கறாங்கம்மா. என்ன பதில் சொல்றது?"

"உண்மையைச் சொல்லலாம் சார்."

"நீ மைக்ல சொல்றத மட்டும் சொல்லு."

இனி அத்தான் எனக்குப் போன் செய்ய வேண்டும். நான் விசில் ஊதி, பள்ளம் காலி என்று பார்த்து, 'சரி' என்றால் அவர் தூக்குவார். மேலேயிருந்து பள்ளம் தெரியாது. நடுவில் காடு.

அக்கா சொன்னாள்: "இனிமே உன் வாய்தான்டி சைரன். புதுசா என்ன, எப்பவும் அதானே!"

மார்ச் 2

அக்கா போய்விட்டாள்.

மார்ச் 5

எழுதியாக வேண்டும். இல்லையென்றால் அவர்கள் சொல்வதுதான் நடந்தது என்றாகிவிடும்.

அன்று பெரிய இடத்து விருந்தாளிகள் வருவதாக இருந்தது. பூங்கொத்தோடு காட்சி முனையில் நிற்கச் சொல்லிக் குடை என்னை மேலே கூப்பிட்டுக்கொண்டார். கீழே யார் நிற்பது என்று கேட்டேன். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்." வண்டிகள் சொன்னதற்கு முன்பே வந்துவிட்டன. ஒரே மூட்டம், காட்சி முனையில் காட்சியே இல்லை. ஒரு விருந்தாளி முகத்தைச் சுளித்து, நேராக அருவிக்கே போய்விடலாம் என்றார்.

குடை உடனே அத்தானுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் காதால் கேட்டேன்.

"கீழ யாரும் இல்ல. தூக்கு."

"சார், அக்கா உள்ள இருப்பா சார்! இது அவ பொறுக்குற நேரம்—"

"ஏறியிருப்பாங்கம்மா. சிரிச்ச முகமா நில்லு."

நான் அத்தானைக் கூப்பிட்டேன். லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் கிடைக்கவில்லை. ஓடினேன். பாதி வழியில்தான் பார்த்தேன், கையில் இன்னும் அந்தப் பூங்கொத்து.

நான் போய்ச் சேர்ந்தபோது அருவி விழுந்துகொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அக்கா தெரியவில்லை. இடுப்பில் கட்டியிருந்த பாட்டில் மூட்டை இரண்டு பாறைகளுக்கு நடுவில் மிதந்தது. காலி பாட்டில் முழுகாது இல்லையா. அதைப் பிடித்து இழுத்துத்தான் அவளை எடுத்தோம்.

மார்ச் 7

நிர்வாகத்தின் அறிக்கை வந்துவிட்டது. மலைமேல் பெய்த திடீர் மழையால் அருவியில் வெள்ளம். இயற்கைச் சீற்றம்.

மழையாம்! வீட்டில் குடம் காய்ந்து கிடக்கிறது.

சாயங்காலம் குடை துக்கம் கேட்க வந்தார். குடையை வாசலில் சாத்திவிட்டு உட்கார்ந்தார். நான் மழையைப் பற்றிக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"ஷட்டர்னு பேச்சு வந்தா, தூக்குனது யாருன்னு கேப்பாங்க. கை யாரோடதுன்னுதான் பாப்பாங்க, சொன்ன வாய் யாரோடதுன்னு பாக்க மாட்டாங்க. உங்க அத்தான்தான் உள்ள போவாரு. யோசிச்சுக்கம்மா."

அத்தான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 8

நான் வாய் திறந்தால் அத்தானுக்கு ஜெயில். திறக்காவிட்டால் என் அக்கா மழையில் செத்தவள். இதில் எதை எடுப்பது? அக்கா இருந்தால் அவளிடம் கேட்டிருப்பேன்.

மார்ச் 12

அத்தான் இன்று வேலைக்குப் போனார். எனக்குத் தாங்கவில்லை. வாசலில் மறித்தேன்.

"எப்படி அந்த ஷட்டர் சக்கரத்தத் தொட மனசு வருது உங்களுக்கு? வெக்கமா இல்ல?"

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வேற எவனாவது தொடுவான். கீழ நீ நிக்கறே."

வழியை விட்டு விலகினேன்.

மார்ச் 16, ஞாயிறு

நல்ல கூட்டம். தோளில் துண்டும் கையில் சோப்புமாக வரிசை. அத்தான் போன் செய்தார். நான் விசில் ஊதினேன், பள்ளத்தைப் பார்த்தேன், இன்னொரு தடவை பார்த்தேன், 'சரி' என்றேன். தண்ணீர் வரவில்லை.

"கேட்டுச்சா அத்தான்? பள்ளம் காலி."

"கேட்டுச்சு. நான் தூக்கல. சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுட்டேன், சாவி எங்கிட்ட இருக்கு."

"அத்தான்..."

"அன்னைக்கு மழை பெஞ்சுதான்னு அந்த ஆள மைக்ல சொல்லச் சொல்லு. பெஞ்சுதுன்னா அதே மழை இன்னைக்கும் அருவி விடட்டும்."

"உங்களப் புடிச்சு உள்ள வெச்சிருவாங்க."

"வெக்கட்டும். தூக்குனது நான்தானே. அத நான் என்னைக்கு இல்லேன்னேன்?"

காய்ந்த பாறையைப் பார்த்துக்கொண்டு கூட்டம் நின்றது. ஒருவர் என்னிடம் கேட்டார்: "என்னங்க, அருவி ரிப்பேரா?" இன்னொருவர், "ஆப்பரேட்டர் சாப்பிடப் போயிருப்பாரு" என்றார். சிரித்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

குடை வேகமாக வந்தார். "என்ன பண்றாரு உங்க அத்தான்? போனப் போடு!"

மைக்கைத் தட்டினேன். வேலை செய்தது. அக்காவைப் பற்றிச் சொன்னேன். ஷட்டரைப் பற்றி, கழற்றிய சைரனைப் பற்றி, காட்சி முனையில் என் காதில் விழுந்ததைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அத்தான் கேட்கச் சொன்னதைக் கேட்டு மைக்கைக் குடையின் வாய்க்கு நேரே நீட்டினேன். அவர் குடையை மடக்கினார். மறுபடி விரித்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ் ஜீப் மேலே ஏறியது. இறங்கும்போது பின்சீட்டில் அத்தான். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். சாவியைப் பிடுங்கியிருப்பார்கள். ஆனால் கூட்டம் அங்கேயே நின்றதால் இன்று யாரும் ஷட்டரைத் தொடவில்லை.

சாயங்காலம், அருவிக்குப் போகாத தண்ணீர் தெருக் குழாயில் வந்தது. அக்காவின் குடத்தைக் கொண்டுபோய் வைத்தேன். நிரம்பி வழிந்தது, நிறுத்தத் தோன்றவில்லை. கூட்டத்தின் நடுவில் கேட்டதையே குழாயடியில் நின்றும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்னைக்கு மழை பெஞ்சுதா சார்? பெஞ்சுதா, இல்லையா? சொல்லுங்க.