கழுத்தைச் சாய்த்து ஏற்றிய லினக்ஸ்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும், இந்த ஒரு வரியோடு நலம் விசாரிப்பை முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் அம்மா ஒரு கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டுவிட்டாள்! சிரிக்காதே. ரிமோட்டில் பேட்டரியைத் திருப்பிப் போடுகிறவள் என்று மாப்பிள்ளையிடம்கூட என் மானத்தை வாங்கினவள் நீ. போனில் சொன்னால் சட்டென்று தீர்ந்துவிடும், எனக்கு ஆற அமரப் பெருமை அடித்துக்கொள்ள வேண்டும், அதனால்தான் கடிதம்.

நீ படிக்கும்போது வைத்திருந்த அந்தக் குட்டி லேப்டாப்தான், கீபோர்டைக் கழற்றினால் டேப்லெட் ஆகுமே, அது. தொண்டை ஆபரேஷனில் குரல் போன பிறகு அப்பா அதில்தான் டைப் செய்கிறார், அது வாசித்துச் சொல்கிறது, இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, கொஞ்ச நாளாக அப்பா பேசுவதையே விட்டுவிட்டார். உள்ளே இருந்த பழைய சிஸ்டம் அவ்வளவு மந்தம், ஓர் எழுத்தைத் தட்டிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அது திரையில் வந்திருக்காது. அத்தை வந்து பேசிக்கொண்டிருப்பாள், அப்பா பதிலைத் தட்டி முடிப்பதற்குள் பேச்சு எங்கெங்கோ போயிருக்கும், பிறகு சம்பந்தமே இல்லாமல் அந்த இயந்திரம் "எந்த டாக்டர்?" என்று கேட்கும், எல்லோரும் சிரிப்போம். முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு டேப்லெட்டைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தார். அத்தை வேறு, காது போய்விட்ட மாதிரி அவரிடம் கத்திக் கத்திப் பேசுகிறாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்க வேண்டிய இடத்தையே மறக்கும்படி பேசுகிற மனுஷன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தால் நான் எப்படிப் பார்த்துக்கொண்டு இருப்பேன், சொல்லு.

நீ புதிது அனுப்புகிறேன் என்றதற்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார், பெரியது மடியில் கனக்கிறது, போனில் எழுத்துகள் அவர் விரலுக்கு அடங்குவதில்லை, இதுதான் கைக்குப் பழகியதாம். ரிப்பேர் கடைக்காரரோ திறந்துகூடப் பார்க்காமல் "இத எடைக்குப் போட்டுட்டு வேற வாங்குங்கம்மா" என்றார், எனக்கு வந்ததே கோபம். நான் வேலைக்குப் போகிற பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே கம்ப்யூட்டரைப் பார்க்க வருகிறவரிடம் புலம்பினேன், அவர்தான் "மெஷின்ல கோளாறு இல்லக்கா, சுமைதான் ஜாஸ்தி, பழைய சிஸ்டத்த எடுத்துட்டு லேசான லினக்ஸ் சிஸ்டம் ஒண்ணு இருக்கு, அதப் போட்டுப் பாருங்க" என்றார். வந்து போட்டுக் கொடுங்களேன் என்றதும் வீடியோ பார்த்தால் நானே போட்டுவிடலாம் என்று நழுவிவிட்டார். சரி, பார்த்துவிடலாம் என்று எனக்கும் ஒரு வீம்பு.

அந்த டேப்லெட்டுக்கு இருப்பது ஒரே ஓட்டை. சார்ஜரும் அதில், பென் டிரைவும் அதில், மவுஸும் அதில். ஹப் என்று ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதில் குத்தினேன், மேஜை முழுக்க ஒயர். வீடியோ பார்த்து லினக்ஸை நிரப்பி வைத்த பென் டிரைவை அது கண்டுகொள்ளவே இல்லை. தேடித் தேடிப் பார்த்ததில், இந்த மாதிரிக் குட்டி மெஷின்களை எழுப்பிவிடத் தனியாக ஒரு சின்ன ஃபைல் வேண்டுமாம், அதை இறக்கிப் போட்டதும் திரை எழுந்தது, ஆனால் படுத்தபடி எழுந்தது! எல்லா எழுத்தும் பக்கவாட்டில். மவுஸை மேலே தள்ளினால் அம்பு குறுக்கே ஓடுகிறது. கழுத்தைச் சாய்த்து, பிறகு சோபாவிலேயே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு படித்தேன்.

அப்புறம் வந்தது பார், பழையதை அழித்துவிட்டு ஏற்றட்டுமா என்று ஒரு கேள்வி. பாதியில் நின்றுபோனால் இருக்கிற மந்தக் குரலும் போய்விடும். தமிழையும் பேச்சையும் லினக்ஸ் ஏறின பிறகுதான் நெட்டிலிருந்து இறக்க வேண்டும், வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று மூடப்போனேன். அப்பா என் கையிலிருந்து மவுஸை வாங்கி, அவரும் கழுத்தைச் சாய்த்து, அந்தப் பொத்தானை அழுத்திவிட்டார். ஏறி முடிந்து பார்த்தால் வைஃபை இல்லை. நான் அழுதேவிட்டேன். அவர் எழுந்து போய் என் போனையும் சார்ஜர் ஒயரையும் கொண்டுவந்து மாட்டினார், போனையே ஒயரில் மாட்டினால் நெட் வரும் என்று வீடியோவில் சொன்னதை நான்தான் கவனிக்கவில்லை. வந்தது! வைஃபைக்கு வேண்டியது, தமிழ் எழுத்து, பேசுகிற புரோகிராம், ஒவ்வொன்றாக இறங்கியது. திரையை நிமிர்த்த ஒரு வரி டைப் செய்ய வேண்டும், முதலில் தலைகீழாகவே நிறுத்தினேன், அப்புறம் நேராகிவிட்டது. இப்போது விரல் படுவதற்குள் எழுத்து வந்து நிற்கிறதடி!

சாயங்காலம் மாடிவீட்டு நர்ஸ் வந்தாள். விடுவேனா? சிரமமே இல்லை, எல்லாம் நானே போட்டேன், இதெல்லாம் பெரிய விஷயமா என்று அளந்துகொண்டிருந்தேன். நான் வாக்கியத்தை முடிக்கவில்லை, பின்னாலிருந்து "பொய். ரெண்டு தடவ அழுதா. போன ஒயர்ல மாட்டுனது நான்" என்று கேட்டது. திரும்பினால் உன் அப்பா, டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தில் அந்தப் பழைய விஷமம். நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு தடவைதான் அழுதேன் என்று நான் சண்டைக்குப் போனேன், சொல்லுக்குச் சொல் பதில் வந்தது, ஒன்றுகூடப் பிந்தவில்லை. அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய் அழுதேன், ஆக இரண்டு தடவை என்பது இப்போது உண்மையாகிவிட்டது. எத்தனை மாசமாயிற்று, என் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுந்து!

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று முதுகை ஒடித்துக்கொள்ளாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இருவரும் நீண்ட ஆயுளோடு, குறையில்லாமல் வாழ எங்கள் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, அப்பா நன்றாக இருக்கிறார் என்று நான் சொன்னதும் வழக்கம்போல வைத்துவிடாதே. அவரைக் கேள். நீ சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க மாட்டார், நடுவில் புகுவார். குரல் தகரத்தைத் தட்டுகிற மாதிரிதான் இருக்கும், பேச்சு அப்பாவுடையது.

இப்படிக்கு,
வாய்ச்சண்டையில் தோற்றுவிட்டுச் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா