ஆக்கள் எங்கே என்று கேட்ட அக்காவுக்கு

அக்கா,

போன ஞாயிறு மத்தியானம் என் ஹெட்போனில் இடது காது கேட்காமல் போய்விட்டது. வேறு வழியில்லாமல் அலுமாரியைத் திறந்து உங்களுடையதை எடுத்தேன். தலையில் மாட்டியதும் தேங்காயெண்ணெயும் வெந்தயமும் கலந்த உங்கள் தலைமயிர் மணம் வந்தது. காதுப் பஞ்சிலிருந்து அது இன்னும் போகவில்லை. திரையில் சிப்பாய்கள் பத்து நிமிடமாகப் படகை விட்டு இறங்காமல் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

நாங்கள் கணனியில் விளையாடிய அந்தப் போர் விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. வெளியாவதற்கு ஒரு கிழமை முன்பே, விமர்சிக்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தார்கள். திருகோணமலையில் ஒரு சின்ன அறைக்குள் இருந்து தமிழில் விளையாட்டுகளைப் பற்றிக் கதைக்கிறவனை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியவந்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்களால்தான்.

முதலாம் பாகத்தை நான் விளையாடும்போது நீங்கள் பின்னால் கதிரை போட்டு இருந்து பார்ப்பீர்கள். கிண்ணியாவில் பாமசி வேலை முடிந்து, பஸ்ஸில் பாலம் கடந்து வந்து, முகம் கழுவி, பிளேன்டீயும் கையுமாக வருவீர்கள். ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை அன்று, நான் ஒரே இடத்தில் ஏழு தரம் செத்ததைப் பார்த்துவிட்டு, "எழும்பு, நான் ஒருக்காப் பாக்கிறன்" என்று மவுஸை வாங்கினீர்கள். நாள் முழுக்க மாத்திரை எண்ணிப் பழகிய விரல்கள். இரண்டாவது தரத்திலேயே அந்த இடத்தைத் தாண்டிவிட்டு, "இதுக்கோ இவ்வளவு நேரம் கத்தினனீ?" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் உங்களுடையவை. என்னைவிட நன்றாகச் சுடுவீர்கள். ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு வீட்டுக்குள் புகுந்து எதிரிகளை விழுத்தின பிறகு அடுத்த இடத்துக்குப் போகமாட்டீர்கள். கொடியில் காயும் உடுப்பைப் பார்ப்பீர்கள், சுவர்க் கலண்டரைப் பார்ப்பீர்கள்.

"அக்கா, முன்னுக்குப் போங்கோ."

"பொறு. இந்த வீட்டுக்காரர் நல்லாத் துப்பரவா வச்சிருக்கினம்."

எனக்கு அது சிரிப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

பிறகு அந்தக் கடற்கரை ஊர்க் கட்டம் வந்தது. பெயரில்லாத நாடு, படகில் வந்து இறங்கி வீடு வீடாகப் போகவேண்டும். நீங்கள் விளையாட, நான் என் வீடியோ சனலுக்காகப் பதிவு செய்துகொண்டிருந்தேன். மூன்றாவது வீட்டின் குசினியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாயில் சோற்றுக் கோப்பைகள் பரப்பிக் கிடந்தன. நீங்கள் துவக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றீர்கள்.

"தம்பி, சோறு கொதிக்குது. அஞ்சு கோப்பை வச்சிருக்கு. ஆக்கள் எங்க?"

"அக்கா, பின்னால வாறான்! சுடுங்கோ!"

"நில்லு. ஆக்கள் எங்க எண்டு கேக்கிறன்."

நீங்கள் சூடுபட்டு விழ, திரை சிவந்து போனது. நான் வயிறு நோகச் சிரித்தேன்.

அன்று பின்னேரமே அதை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வெட்டி, உங்கள் கேள்வியை மூன்று தரம் திருப்பிப் போட்டு, கோமாளி இசை சேர்த்து, 'அக்கா குசினியில்' என்று தலைப்பு வைத்து ஏற்றினேன். உங்களிடம் கேட்கவில்லை. அதுவரை என் வீடியோக்களைச் சிநேகிதர்கள்தான் பார்த்தார்கள். இதை ரொறொன்ரோவிலும் சென்னையிலும் இருந்து பார்த்தார்கள். "அக்கா, உண்மையான குசினிக்குப் போங்க, இது ஆம்பிளையள்ட வேலை" என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்கு நான் ஒரு இதயக் குறி போட்டேன்.

பிறஷர் மாத்திரை வாங்க வந்த ஒரு மனிசிதான் போனை நீட்டி, "இது நீங்கதானே மகள்?" என்று கேட்டதாம். அன்று நீங்கள் முகம்கூடக் கழுவவில்லை. தோளில் பையோடு வந்து என் அறை வாசலில் நின்றீர்கள்.

"நான் பகிடிக்கே கேட்டனான்?"

"சனத்துக்குப் பிடிச்சிருக்குத்தானே அக்கா. ஏன் கோவப்படுறீங்கள்?"

"கோவமில்லை" என்றுவிட்டுப் போனீர்கள். அடுத்த ஞாயிறு பார்த்தேன், என் அறைக் கதிரை சாப்பாட்டு மேசைக்குத் திரும்பிப் போயிருந்தது. நீங்கள் அதன்பிறகு விளையாடவேயில்லை. நானும் கூப்பிடவில்லை. முதலாம் பாகத்துக்குப் பத்துக்கு ஒன்பது புள்ளி கொடுத்தேன்.

போன வருடம் உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது எவரும் பயப்படவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்க, நீங்களாகவே கேட்டீர்கள்.

"மற்றப் பாகம் வருதாமே?"

"ஓம் அக்கா. வாற வருசம்."

"அதிலயாவது வீடுகளில ஆக்கள் இருப்பினமோ?"

நீங்கள் பகிடி விடவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. அறியவேண்டும் என்று கேட்டீர்கள். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல தருணம் எனக்குக் கிடைத்திருக்காது. பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் நின்றார்கள், வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு கதைக்கலாம் என்று நினைத்தேன். "சுகமாகி வாங்கோ, ரெண்டு பேரும் பாப்பம்" என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். இரண்டு நாளில் உங்களைத் தூக்கிக்கொண்டுதான் வந்தோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, கழுவிய கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று நிறுத்திவிட்டுச் சொன்னா. நாங்கள் முந்தி இருந்த இறக்கக்கண்டி வீட்டைப் பற்றி. அந்த வீடு எனக்கு நினைவில்லை. எனக்கு அப்போது நாலு வயது, உங்களுக்குப் பதினாலு. ஒரு மத்தியானம் அம்மா சோற்றை இறக்க, நீங்கள் பாயில் ஐந்து கோப்பை வைத்திருக்கிறீர்கள். அப்பா, அம்மா, மாமி, நீங்கள், நான். ஷெல் விழத் தொடங்கியிருக்கிறது. நீங்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். இரண்டு மாதம் கழித்து அப்பாவோடு வீட்டைப் பார்க்கப் போனீர்களாம்.

"கதவு திறந்து கிடந்ததாம். பானையில ஒரு பருக்கை இல்லையாம். ஆரோ வந்து சாப்பிட்டிருக்கினம்" என்றா அம்மா. "ஆனா அஞ்சு கோப்பையையும் கழுவிக் கவிட்டு வச்சிருந்ததாம். வந்த நாளில இருந்து அவள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள், ஆரம்மா கழுவியிருப்பினம் எண்டு. உனக்குச் சொல்லேல்லையோ?"

இல்லை அக்கா, நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

இப்போது இரண்டாம் பாகம். உங்கள் ஹெட்போனோடு நாலு பின்னேரம் இருந்து முடித்தேன். உள்ளதைச் சொல்லவேண்டும், கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கிறார்கள். யன்னலால் தெரிகிற எங்கள் துறைமுகத் தண்ணீருக்கும் திரையில் தெரிகிற தண்ணீருக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். துவக்கின் உதைப்பு கைக்குத் தெரிகிறது. ஓட்டுக் கூரையில் நடக்கிற காலடிக்கும் தகரத்தில் நடக்கிற காலடிக்கும் வேறு வேறு சத்தம். கதைதான் மெலிவு. கப்டன் மூச்சுவிடாமல் பிரசங்கம் செய்கிறான். எதிரிகளுக்கு ஒழுங்கான ஒரு பாஷைகூட இல்லை.

வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள் அக்கா. கேட்டீர்களே, இருக்கிறார்கள். ஒரு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெண் தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். "சுடாதீர்கள். என் பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள்" என்றாள். நான் துவக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதே குரலில் அதே இரண்டு வசனத்தைச் சொன்னாள். திரும்பவும் சொன்னாள். நான் உள்ளறைக்குப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் இல்லை. ஒரு தோட்டாப் பெட்டி வைத்திருந்தார்கள்.

விமர்சனத்தில் அதைச் சொன்னேன். தண்ணீரையும் காலடிச் சத்தத்தையும் புகழ்ந்துவிட்டு, அந்த உள்ளறையைக் காட்டி, பத்துக்கு ஐந்து என்றேன். முதலாம் பாகத்துக்கு நான் கொடுத்த ஒன்பது பிழை என்றும், அக்காவின் கேள்வியைப் பகிடியாக்கினது அதைவிடப் பெரிய பிழை என்றும் சொன்னேன். குரல் தடுமாறிய இடத்தை வெட்டவில்லை. விளையாட்டை விளையாட்டாகப் பார்க்கத் தெரியாதவன் என்று நிறையப் பேர் ஏசினார்கள். வேறு சிலர், அந்த அக்காவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வாங்கோ என்று கேட்டார்கள். அவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் எழுதினேன், அக்கா காலமாகிவிட்டா என்று. இதயக் குறி எவருக்கும் போடவில்லை.

பழைய வீடியோவை அழிக்கத்தான் போனேன். கை வரவில்லை. உங்கள் குரல் இருக்கிறது அது ஒன்றில்தான். ஒருவரும் பார்க்க ஏலாதபடி மறைத்து வைத்திருக்கிறேன். முழுப் பதிவு எங்கேயாவது கிடக்கும் என்று கணனி எல்லாம் தேடினேன். இல்லை. வேறொரு விளையாட்டுக்கு இடம் வேண்டும் என்று நானே அழித்திருக்கிறேன்.

அந்த முழுப் பதிவின் கடைசியில் இருந்ததை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. திரை சிவந்த பிறகும் நீங்கள் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். என் சிரிப்புக்குள், மெதுவாக. வெட்டும்போது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பகிடியாக இல்லை என்று எறிந்துவிட்டேன்.

"இப்ப நான்தானே உள்ளுக்கு வந்த ஆள். வந்த ஆளுக்கு இதைப் பாத்து என்ன மனசில வந்திருக்கும் எண்டு பாக்கிறன்."

இப்படித்தான் சொன்னீர்கள் என்று நினைக்கிறேன். 'மனசில வந்திருக்கும்' என்றீர்களா, 'யோசிச்சிருக்கும்' என்றீர்களா, நிச்சயமில்லை. மறந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் ஒருமுறை எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன். சொல்லச் சொல்ல எங்கேயோ ஒரு சொல் மாறிக்கொண்டே போகிறது.