மலை ஏறவில்லை அக்கா, இறங்கினேன்

எங்கே இருந்தாலும் என்னைத் திட்டுவதை மட்டும் நிறுத்தியிருக்க மாட்டாய், என் அக்காவே,

நீ திட்ட வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் மலைக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். உன் மகளோடுதான். சரியாகச் சொன்னால், அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

களைப்பாக இருக்கிறது அக்கா. உன் கருமகிரியை முடிந்த கையோடு பூச்சோங் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிள்ளானுக்கு, உன் வீட்டுக்கே வந்துவிட்டேன். தர்ஷினி அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை, இப்போது அம்மாவும் இல்லை. தனியாக எப்படி விடுவது? வேலை மட்டும் இன்னும் பூச்சோங்கில்தான். காலையில் ரோட்டில் ஜேம், சாயங்காலமும் ஜேம். வந்து சோறு வடித்து, ரசம் வைத்து, துணியை மெஷினில் போட்டுவிட்டு நிமிர்ந்தால் முதுகு என் பேச்சைக் கேட்பதில்லை. இதையெல்லாம் நீ இத்தனை வருஷம் எப்படிச் செய்தாய்? யாரிடம் அலுத்துக்கொண்டாய்?

தர்ஷினி பேசுவதே இல்லை. காலேஜ் விட்டு வருவாள், தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவாள், கதவு மூடிக்கொள்ளும். உள்ளே ஃபேன் ஐந்தாம் நம்பரில் சுற்றும். மழை கொட்டினாலும் அதே ஐந்துதான். "சளி பிடிக்கும், ஃபேனைக் குறைம்மா" என்று கதவுக்கு வெளியே நின்று கத்துவேன். "ம்" என்று பதில் வரும். ஃபேன் குறையாது. உன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டேன் என்று என்மேல் கோபமோ என்று நினைத்தேன். கேட்கத்தான் தைரியம் இல்லை.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"சித்தி, காலேஜ் கிளப்புல உலு சிலாங்கூர் பக்கம் மலைக்குப் போறோம். சனி, ஞாயிறு. ஆப்சைலிங். வீட்டுல இருந்து ஒருத்தர் வரலாமாம். நீங்க வரீங்களா?"

ஆப்சைலிங் என்றால் கயிற்றில் தொங்கிக்கொண்டு பாறையில் இறங்குவதாம். நாற்காலிமேல் ஏறி பல்ப் மாற்றவே எனக்குக் கால் நடுங்கும் என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ போன பிறகு அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அதுதான். முடியாது என்று சொல்லியிருந்தால் இனி எதையுமே கேட்டிருக்க மாட்டாள். வரேன் என்றேன்.

நம் அத்தை காதுக்கு எப்படித்தான் போனதோ, மறுநாளே போன்.

"வருஷம் திரும்பல. மலை ஏறக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"நான் எங்க அத்தே ஏறுறேன்? மேல வரைக்கும் வேன்ல போறோம். இறங்குறது மட்டும்தான் நானு."

அத்தை போனை வைத்துவிட்டார். என் சாமர்த்தியம் எனக்கே பிடித்திருந்தது. அந்தச் சந்தோஷம் வேன் பாதி மலையிலேயே நிற்கும் வரைதான். அதற்குமேல் காட்டு வழியாம், வேர்களைப் பிடித்து ஏற வேண்டுமாம். எனக்குக் கால் எழவில்லை. பத்துமலை முருகன் கோயிலுக்குப் போன பழக்கமோ என்னவோ, மலை என்றதும் தானாகக் குனிந்து ஷூவைக் கழற்றப் போனேன். தர்ஷினி பார்த்துவிட்டுச் சிரித்தாள் அக்கா. சத்தமாகவே சிரித்தாள்.

"சாமி கும்பிடவா போறோம் சித்தி? வாங்க லா."

அந்தச் சிரிப்புக்காக ஏறிவிட்டேன். உன்னிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேதான் ஏறினேன்.

பாறை உச்சியில் ஒரு மலாய்க்காரத் தம்பி இடுப்பிலும் தொடையிலும் வாரைப் போட்டு இறுக்கினார். தர்ஷினி முதலில் இறங்கினாள். கீழே போனதும் கயிற்றின் நுனியை அவள் கையில் கொடுத்தார்கள். இறங்குகிறவர் கை தவறினால் கீழே இருப்பவர் கயிற்றை இழுக்க வேண்டும், உடனே நின்றுவிடும். அதுதான் பாதுகாப்பு. அவள் பக்கத்தில் இன்னொரு தம்பியும் நின்றுகொண்டிருந்தார்.

நான் விளிம்பில் பின்பக்கமாகத் திரும்பி நின்றேன். "டுடுக் சாஜா, கக்" என்றார் மேலே இருந்தவர். 'சும்மா உட்காருங்கள் அக்கா' என்கிறார், அவ்வளவுதான். கீழே ஒன்றுமே இல்லாத இடத்தில் உட்காரச் சொல்கிறார். நீ போன நாளிலிருந்து என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. உட்கார்ந்தேன்.

பாதிப் பாறை வரை வந்திருப்பேன். அதற்குப் பிறகு கயிறு நகரவில்லை. எவ்வளவு தளர்த்தினாலும் அப்படியே நிற்கிறேன். கண்ணில் வியர்வை. இங்கேயும் நான்தான் மாட்டிக்கொள்ள வேண்டுமா என்று நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. உன் கருமகிரியைக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட்டேன், பாய் விரித்தேன், அழ நேரம் கிடைக்கவில்லை. அந்தப் பாறையில் மொத்தமும் வந்தது. வெட்கமே இல்லாமல் ஓவென்று அழுதேன்.

கீழே இருந்த தம்பி "லோங்கார், டிக், லோங்கார்" என்று கத்துவது கேட்டது. தளர்த்து தங்கச்சி, தளர்த்து என்கிறார். என்னைச் சொல்லவில்லை. குனிந்து பார்த்தேன். தர்ஷினி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துப் பிடித்து, கிட்டத்தட்ட தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் விழுந்துவிடக் கூடாது என்று இறங்கவே விடாமல் பிடித்திருந்தாள் உன் மகள்.

இவளுக்கா என்மேல் கோபம் என்று நினைத்தேன்?

"தர்ஷினி! கொஞ்சம் விடும்மா. சித்தி விழ மாட்டேன்."

"நிஜமா?"

"நிஜமாத்தான் சொல்றேன். மெதுவா விடு."

கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. நானும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினேன். கால் தரையைத் தொட்டதும் அவள் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தேன். கையுறையையும் மீறிச் சிவந்திருந்தது. கல்மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கப்பில் மைலோ குடித்தோம்.

"நீங்க அழுதது கேட்டுச்சு சித்தி."

"கேட்டா கேட்கட்டும்."

ஒரு வாய் குடித்துவிட்டுக் கப்பை என் கையில் கொடுத்தாள். "நானும் அழுவேன். தினமும். நீங்க வேலைக்குப் போயிட்டு டையர்டா வரீங்க, உங்களுக்குக் கேட்கக்கூடாதுன்னுதான் ஃபேன அஞ்சுல வைப்பேன்."

நீயாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய். எனக்கு அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொள்ளத்தான் தெரிந்தது.

இன்று திங்கள். உடம்பெல்லாம் வலி, ஜேமும் குறையவில்லை. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் அறையில் ஃபேன் ஐந்துக்குப் போய்விட்டது. இனி கதவுக்கு வெளியே நின்று குறைக்கச் சொல்ல மாட்டேன். அடுப்பில் எது கொதித்தாலும் அணைத்துவிட்டு, உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்காருவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. இதோ, எழுந்துவிட்டேன்.

உன் தங்கை, உன் மகளுக்குச் சித்தி,
மல்லிகா