அக்கா கொண்டுவந்த ஆட்டுக்கால் சூப்

மாப்ள,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு நேற்று ஒரு முடிவெடுத்தேன். நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்த அவசரத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்ட உன் அக்காவின் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. மனைவி ஆதரித்தாள், எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. மூடியைத் திறந்தேன். எத்தனை முறை விளக்கியும் போகாத மிளகு வாசம். அதோடு நீயும் வந்துவிட்டாய்.

உன் சிறுநீரகம் ஒன்றைப் புற்றுக்கட்டியோடு எடுத்த மூன்றாம் வாரம் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். "எம்புட்டு நாள் சார் தாங்கும்?" என்று கேட்டாய். அவனியாபுரத்தில் உன் பட்டறைக்கு வருகிறவர்கள் தண்ணீர் மோட்டாருக்குக் கேட்கும் அதே தொனி.

உன் வயது, கட்டியின் அளவு, பிரஷர், சர்க்கரை எல்லாவற்றையும் அவர் கணினியில் போட்டார். கட்டி சின்னது, முழுதாக எடுத்தாயிற்று. அது திரும்பி வந்து கொல்வதற்குள் மாரடைப்பு முந்திக்கொள்ளத்தான் வாய்ப்பு அதிகம் என்றார்.

"அப்ப கேன்சருக்கு டெபாசிட் போயிரும்ங்கிறீங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "ஹார்ட்டை ஜெயிக்க விட்றாதீங்க. கறியைக் குறைங்க, நடங்க."

மறுநாள் முதல் அதுதான் உன் முழுநேர அரசியல். விடிந்ததும் ஏர்போர்ட் ரோட்டில் நடந்தாய். பீடியை விட்டாய். ஆனால் ஞாயிறுதோறும் சமயநல்லூரிலிருந்து அக்கா ஆட்டுக்கால் சூப்போடு வந்து இறங்குவார்.

"ஒத்தக் கிட்னியோட கெடக்குற, தெம்பு வேணாமா? நீ மிச்சம் வச்சேன்னா நான் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன், பாத்துக்க."

இதற்கு எந்தக் கணினியிலும் கட்டம் கிடையாது. நீ எனக்குப் போன் அடிப்பாய். "மாப்ள, சூப்பு வந்துருச்சு. பின்பக்கமா வா." அக்கா உன் மனைவியோடு பேசிக்கொண்டிருக்க, பட்டறையில் செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே நின்றபடி நான் குடிப்பேன். மேலே விரல் கனத்துக்குக் கொழுப்பு நெய்போல மிதக்கும்.

"மெதுவாக் குடி மாப்ள. எலும்பையும் விட்றாத. அக்கா எண்ணிப் பாக்கும்."

காலித் தூக்கைப் பார்த்து அக்கா கண்கலங்குவார்.

இப்படி ஒன்பது வருஷம். ஒவ்வொரு ஸ்கேனும் சுத்தமாக வந்தது. "பூராம் என் சூப்புதான்" என்று அக்கா ஊரெல்லாம் சொன்னார். நாம் மறுக்கவில்லை.

போன ஐப்பசியில் நிமோனியா வந்தது. டாக்டரின் பட்டியலிலேயே இல்லாத சுயேச்சை. நான்கே நாளில் ஜெயித்துவிட்டது. உன் இதயம் கடைசிவரை பழுதில்லாமல் இருந்ததாக டாக்டர் சொன்னார்.

தை மாதம் என் இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள்.