டிரைவர் உள்ளே போகிறார்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் மருமகளும் நன்றாக இருக்க வேண்டும். இதையெல்லாம் போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பாய்வாய். காகிதத்தில் எழுதினால் முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் அந்தக் காயத்தைப் பற்றி. கீழ்வீட்டுக்காரர் உன்னிடம் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொல்லியிருப்பார். நாணய மியூசியத்தின் படியில் அப்பா தடுக்கி விழுந்தது உண்மை. முழங்காலில் சிராய்ப்பு, எலும்புக்கு ஒன்றும் இல்லை. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, படி கட்டியவனை வாய் வலிக்கத் திட்டினார். நான் தூக்கிவிட்டேன். பிறகு உள்ளே போய் மிச்சக் கூடங்களையும் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினோம். இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் கீழ்வீட்டுக்காரர் சொல்லாமல் விட்டிருப்பார்.

அதற்குப் பிறகு நீ போட்ட உத்தரவுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. அப்பா இனி வெளியே போகக் கூடாது. வாசல் சாவி கீழ்வீட்டில் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் ஒரு ஆள் வந்து எங்கள் இருவரையும் உன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விடுவார். போதாக்குறைக்கு, கண்ணு தெரியாத மனுஷனுக்கு மியூசியம் எதுக்கும்மா என்று வேறு கேட்டாய். அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை. அதற்குத்தான் இந்தப் பதில்.

அப்பா சுற்றுலா பஸ் ஓட்டினார் என்பது உனக்குத் தெரியும். அந்த வேலை எப்படிப்பட்டது என்று நீ கேட்டதில்லை. ஆட்களை மியூசியம் வாசலில் இறக்கிவிட்டுப் பஸ்ஸைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பஸ்ஸுக்குள் அவர்களுடைய பைகள் இருக்கும், அதனால் டிரைவர் பஸ்ஸை விட்டு நகரக் கூடாது. இந்த ஊரில் அவர் போகாத மியூசியம் கிடையாது. உள்ளே காலடி வைத்தது மட்டும் ஒன்றில்கூட இல்லை. எந்த மியூசியத்துக்குப் பின்னால் மரநிழல் உண்டு, எங்கே குழாயில் தண்ணீர் வரும், எந்தக் காவலாளி ஹாரன் அடித்தால் சண்டைக்கு வருவார் என்பதுதான் அவருக்குத் தெரிந்த சரித்திரம். அப்புறம் கண்ணில் அழுத்தம் வந்தது. லைசென்ஸும் போனது.

டாக்டர் சொன்னது இதுதான்: போன பார்வை போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் கொஞ்ச காலம் தள்ளலாம். பக்கவாட்டில் எல்லாம் ஏற்கெனவே அடைத்துவிட்டது. குழாய்க்குள்ளிருந்து பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். நான் அழுதேன். அப்பா அழவில்லை. எதிரே ஒரு சுற்றுலா பஸ் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ள அப்படி என்னத்ததான் வச்சிருக்கானுங்கன்னு பாத்துடணும் என்றார். மறுநாளே கிளம்பிவிட்டோம்.

முதல் நாளே ஒரு கூத்து. அரண்மனை மியூசியத்துக்கு எனக்கு வழி சொல்லாதே என்று வீறாப்பாக முன்னால் நடந்தார். பஸ் போகிற பாதையிலேயே போய், பின்பக்க இரும்பு கேட்டைத் தாண்டி, சாமான் இறக்குகிற கதவு வழியாக உள்ளே நுழைந்துவிட்டோம். அது கிடங்கு என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? துணி போர்த்திய பெட்டிகள், கால் உடைந்த நாற்காலிகள், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்த படங்கள். அப்பா ஒவ்வொன்றாகக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, இதைப் பாக்கவா கடல் தாண்டி வர்றாங்க என்று என்னிடம் பொருமிக்கொண்டிருந்தபோது காவலாளி ஓடிவந்து பிடித்தார். அப்பா முகத்தைப் பார்த்ததும் அவருடைய கோபம் இறங்கிவிட்டது. அண்ணே, பஸ் எங்கண்ணே என்று கேட்டார். இன்னைக்கு நான்தான்யா பாசஞ்சர் என்றார் அப்பா. காவலாளியே கையைப் பிடித்து முன்வாசலுக்கு அழைத்துப் போனார். அந்த வாசலில் எத்தனையோ ஆயிரம் பேரை இறக்கிவிட்ட மனுஷன், டிக்கெட் கவுண்டர் எது என்று தெரியாமல் நின்றதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு எங்களை யாரும் தடுக்க முடியவில்லை. ஆயுத மியூசியத்தில் வாள்களைப் பார்த்துவிட்டு, இந்தத் துருவுக்காகவா என்னை வெயில்ல வறுத்தாங்க என்றார். ஓவியக் கூடத்தில்தான் ஓரிடத்தில் நின்றுவிட்டார். சுவர் அளவுக்கு ஒரு படம், அரண்மனை விருந்து. எல்லோரும் ராஜாவைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்பாவுக்கு மொத்தமாகப் பார்க்க முடியாதே. பஸ் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி தலையை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்த்தினார். திடீரென்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். படத்தின் கீழ்மூலையில், வாசலுக்கு வெளியே, குதிரை வண்டிக்காரன் ஒருவன் சக்கரத்தில் சாய்ந்து தூங்குகிறான். இந்தாளு நம்ம ஆளுடி என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வண்டிக்காரன் பேச்சுதான். இப்போது சொல், மியூசியம் எதற்கு?

இப்போதெல்லாம் நடுவிலும் மங்கல் விழ ஆரம்பித்துவிட்டது. அங்க என்னடி இருக்கு என்று கேட்கிறார், நான் சொல்கிறேன். பள்ளிக்கூடச் சீருடை தைத்தே காலம் தள்ளியவள் நான், எனக்கு முதலில் துணிதான் கண்ணில் படும். ராஜாவின் அங்கியில் ஒரு தோள் இறங்கியிருக்கிறது என்பேன். துணியை விடு, முகத்தைச் சொல்லு என்று கத்துவார். மூக்கு, நெற்றி, கோபமா சிரிப்பா என்று முகம் சொல்லவும் பழகிவிட்டேன். உன் அம்மா இப்போது ஒரு கைடு, தெரிந்துகொள்.

உன் தங்கை வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இருக்காது. வேளைக்குச் சாப்பாடு வரும், டிவி ஓடும், ஜன்னலோரம் நாற்காலி போடுவாள். அதில் உட்கார்ந்து கண் அணைவதற்காகக் காத்திருக்க அப்பா தயாராக இல்லை. உட்கார வைக்க நானும் தயாராக இல்லை. நீ தலைகீழாக நின்றாலும் இது மாறாது. சாவி என் இடுப்பில் இருக்கிறது. அந்த ஆளை அனுப்பாதே. அனுப்பினால் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்பா விழுந்தால் மறுபடியும் தூக்கிவிடுவேன்.

மலைக்கோட்டை மியூசியம் ஒன்றுதான் பாக்கி. படி அதிகம். ஒரு கையை நான் பிடித்துக்கொள்வேன், இன்னொரு கைக்கு ஆள் வேண்டும். யாரையாவது கூப்பிடுகிறேன் என்றேன். அது கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். யாருக்காக நிறுத்தி வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று. நீ வீடியோவில் வந்தால், நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி அப்பா போனை என் கையில் கொடுத்துவிடுகிறார் அல்லவா? நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது. நீ போனை வைத்த பிறகு, அவன் முகத்தைச் சொல்லு என்று கேட்கிறார். இளைத்திருக்கிறான், தாடி விட்டிருக்கிறான் என்றேன். தாடியா என்று கேட்டுவிட்டுத் தன் தாடையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார்.

செத்துப்போன ராஜாக்கள் முகத்தையெல்லாம் சலிக்காமல் சொல்லிவிடுவேன். உன் முகத்தை இனி நான் சொல்ல மாட்டேன். நீயே கொண்டுவந்து காட்டு, சீக்கிரம்.

நீயும் மருமகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன்னை எதிர்பார்த்து,
அம்மா