எல்லா ஓட்டையும் குத்திய அட்டை

5-4-71, திங்கள்

அமெரிக்காவில் ஒரு இயந்திரம் இதுவரை தெரியாத பெரிய பகா எண்ணைக் கண்டுபிடித்துவிட்டதாம். ஆறாயிரம் இலக்கமாம். காலையில் பேப்பரில் படித்ததிலிருந்து கை துறுதுறுத்தது. கல்யாணமாகி மூன்று வருடமாகக் கணக்கைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

அந்த இயந்திரம் எழுதுவது போல ஒன்றும் சுழியும் மட்டும் வைத்து எழுதினால் அந்த எண்ணில் சுழியே வராது. வரிசையாக ஒன்றுகள்தான். இவருக்கு அதைக் காட்ட ஆசைப்பட்டேன். புடவைப் பூவுக்கு இவர் ஓட்டை குத்தித் தறியில் மாட்டுகிற ஜக்கார்டு அட்டையில், குத்தாத ஒன்றை எடுத்து, ஒவ்வொரு ஒன்றுக்கும் ஓர் ஓட்டை குத்தினேன். அட்டை முழுக்க ஓட்டையாகிவிட்டது.

"இந்த மாதிரி ஒரு கட்டு குத்தினா, அதாங்க அந்த நம்பர்" என்றேன்.

இவர் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

"இத்த மாட்டினா ஓட்டைக்கு ஓட்டை எல்லா இழையும் ஒண்ணா தூக்கிக்கும். பூ எங்கேந்து வரும்? நல்ல அட்டைய பாழாக்கிட்டியேமா" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் குமுட்டி அடுப்பை விசிற அந்த அட்டையைத்தான் எடுத்தேன். காற்றெல்லாம் ஓட்டை வழியாகப் போயிற்று. அதற்கும் உதவவில்லை.