சாணைப்பொடிக்கு நல்ல தண்ணி

அன்பு மகள் மகேஸ்வரிக்கு, அம்மா ஈஸ்வரி சொல்லச் சொல்ல உன் தங்கச்சி முருகலட்சுமி எழுதுறது. நீ அங்கன ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம, நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். இங்கன எல்லாரும் நலம்னு எழுதவாம்மான்னு முருகு கேட்டா. இருக்கோம்னு மட்டும் எழுதுன்னேன். ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல் போன்ல பேசும்போது பக்கத்துல வார்டன் அம்மாவும் வரிசையில நிக்கிற பிள்ளைகளும் இருக்குறதால நீயும் எதையும் கேக்க முடியல, நானும் எதையும் சொல்ல முடியல. அய்யா எங்கன்னு நீ கேட்டதுக்கு வெளிய போயிருக்காகன்னு சொல்லிட்டேன். எங்கயும் போகல, எம்பக்கத்துலதான் கட்டில்ல உக்காந்திருந்தாக. பேசுனா இருமல் வந்துரும், பிள்ளை பயந்துரும்னு கையக் காட்டி வேணாம்னுட்டாக. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

மொதல்ல கவனிச்சது முருகுதான். அய்யா டீய ஊதிக் குடிக்கிறத விட்டுட்டாகம்மான்னு ஒருநாள் சொன்னா. ஒனக்குத் தெரியும், ஒங்க அய்யா கொதிக்கக் கொதிக்க வாங்கி, ஊதி ஊதிக் குடிச்சு முடிச்சிட்டுக் கெளம்புற ஆளு. இப்ப கிளாசைத் தரையில வச்சிட்டு ஆறுற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு இருக்காக. நான் அதை ஒரு விசயமா எடுத்துக்கல, வயசாகுது, நிதானம் வந்துருச்சுன்னு நெனச்சேன். இவதான், நிதானம் இல்லம்மா, ஊத மூச்சு இல்லன்னா. இதை எழுதாம பேனாவ வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா, தன்னப் பத்தி எதுக்காம். எழுதுடின்னு அதட்டிச் சொல்றேன். எதிர்ல ஆளு வந்தா செவத்தோட ஒட்டிப் போற பிள்ளை, கண்ணு மட்டும் சும்மா இருக்காது.

நீ பஞ்சு மில்லு வேலைக்குப் போகும்போது அய்யா காட்டுல வெங்கச்சங்கல் பொறுக்க ஆரம்பிச்சது மட்டும்தான் ஒனக்குத் தெரியும். மொளகா அழுகிப் போனதுல கூலி வேலையும் இல்லாமப் போச்சு. அப்பத்தான் பனையேறுறவங்க பாளை சீவுற அரிவாளுக்கு இந்த வெள்ளைக்கல்லப் பொடிச்சுப் பலகையில தூவித் தீட்டுவாகளே, அது ஞாவகம் வந்து, கொஞ்சம் பொடி பண்ணி பெரியபட்டினம் வாவு முகம்மது கடையில குடுத்தாக. அவரு கத்தி, அரிவாமணை, மண்வெட்டி விக்கிறவரு, தங்கமான மனுசன். கறிக்கடைக்காரங்களும் விருந்து சமைக்கிறவங்களும் வாங்கித் தீட்டிப் பாத்துட்டு இன்னும் வேணும்னு கேட்டாக. பொடியாக் குடுத்தா காத்துல போகுது, கட்டியாக் குடுங்கண்ணேன்னு அவரு சொல்ல, மெழுகும் வெளக்கெண்ணெயும் உருக்கி, அதுல பொடியக் கொட்டிக் கிண்டி, செரட்டையில ஊத்தி ஆறவச்சோம். பழைய தோல் பெல்ட்டப் பலகையில ஆணியடிச்சு, அது மேல இந்தக் கட்டியத் தேச்சு, கத்திய முதுகுப் பக்கமா இழுத்தா போதும், வெங்காயம் கண்ணு எரியாம நறுக்கலாம். பொய் இல்ல, நானே நறுக்கிப் பாத்தேன்.

கல்ல மொதல்ல நெருப்புல சுட்டுத் தண்ணியில போடுவோம், பொரிஞ்சு கையாலயே நொறுங்கும். அப்புறம் இரும்பு உரல்ல தண்ணி விட்டு மாவாட்டுற மாதிரிதான் இடிச்சோம். தூசியே கெடையாது. தண்ணி நம்ம கெணத்துத் தண்ணி. அங்கதான் தப்புப் பண்ணிட்டோம். நம்ம கெணத்துத் தண்ணி எப்படின்னு ஒனக்குத் தெரியும், துணி தொவச்சாலே வெள்ளையாப் பூக்கும். அந்த உப்பு பூராவும் பொடியிலயே தங்கிருச்சு. கறிக்கடைக்காரங்க சாயந்தரம் தீட்டித் தொடச்சு வச்ச கத்தி காலையில செவப்புப் புள்ளியா நின்னுருக்கு. வாவு முகம்மது கோவிக்கல, அண்ணே ஒங்க பொடி கத்திய நல்லாத்தான் தீட்டுது, ராவோட ராவா அம்மையும் போட்டு விட்டுருதுன்னு சிரிச்சிக்கிட்டே மூட்டையத் திருப்பிக் குடுத்தாரு. அவரு சிரிச்சாரு, ஒங்க அய்யாவுக்குத்தான் சிரிப்பு வரல. அன்னையிலருந்து தண்ணியே விடாம வெறும் பொடியா இடிச்சு, பழைய வேட்டியில சலிக்க ஆரம்பிச்சாக. துரு போச்சு, பொடியும் விபூதி மாதிரி வந்துச்சு. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. கருவேப்பிலைச் செடி கூட வெள்ளையாயிருச்சு. நாங்க அதப் பெருமையாப் பாத்துக்கிட்டு இருந்தோம் மகேசு, எவ்வளவு நைசா வருது பாருன்னு.

டீ விசயத்தச் சொன்னதுக்கு அப்புறம் நானும் கவனிக்க ஆரம்பிச்சேன். ஆட்டைக் கூப்பிடும்போது பாதியில நிக்கிறாக. படுத்தா எந்திரிச்சு உக்காந்துக்கிறாக. எனக்குக் கழனியில களையெடுப்பு இருந்ததுனால முருகுதான் அய்யாவக் கூட்டிக்கிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனா. சளியச் சோதிச்சுக் காசநோய் இல்லன்னு சொல்லிட்டாக. நெஞ்சுப் படத்தப் பாத்த டாக்டரம்மா மட்டும் விடல, கல்லு குவாரியில வேலை பாத்தீகளா, கெணறு வெட்டப் போனீகளான்னு திருப்பித் திருப்பிக் கேட்டுருக்காக. வெள்ளாமைம்மா, வெள்ளாமை மட்டும்தான்னு ஒங்க அய்யா சொல்லிருக்காக. அது முழுப் பொய்யின்னும் நான் சொல்ல மாட்டேன், வெள்ளாமைக்காரருங்கிற பேரை விட்டுக் குடுக்க அவுகளுக்கு மனசு வரல. இவளுக்கோ டாக்டர் முன்னாடி வாய் தெறக்க வரல. என்ன பண்ணிருக்கா தெரியுமா, பேசாம எந்திரிச்சு அய்யா சட்டைப் பைய வெளிப்பக்கமா இழுத்து விட்டுருக்கா. மேசை மேல வெள்ளையாக் கொட்டிருக்கு. டாக்டரம்மா அதை வெரல்ல தொட்டுத் தேச்சுப் பாத்துட்டு, "உள்ள போன கல்லை எந்த மருந்தும் வெளிய எடுக்காது. இனிமே உள்ள போகாமப் பாத்துக்கங்க, இல்லன்னா மூச்சுக்கே தவிக்க வேண்டி வரும்"னு சொல்லிருக்காக. உச்சிப்புளி வர்ற வரைக்கும் பஸ்ல சட்டைப் பைய உள்ள தள்ளித் தள்ளி விட்டுக்கிட்டே வந்துருக்காக ஒங்க அய்யா. எறங்குனதும், பையில என்னென்ன இருக்குன்னு ஊருக்கெல்லாம் காட்டுவியா பிள்ளைன்னு மட்டும் கேட்டுருக்காக. இவ வீட்டுக்கு வந்து எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு அழுதா.

அதோட விட்டாகளான்னா, இல்ல. ஹஜ்ஜுப் பெருநாள் வருது. ஆடு அறுக்குற குர்பானிக்கு வீட்டுக்கு வீடு கத்தி தீட்டுவாக, இந்தத் தடவ நெறயக் கேட்டுருக்காரு வாவு முகம்மது. ஒங்க அய்யா, வாக்குக் குடுத்துட்டேன், துண்டை மூக்குல கட்டிக்கிட்டு இதை மட்டும் முடிச்சிர்றேன்னு திரும்ப இடிக்கப் போயிட்டாக. துண்டை அவுத்து உதறுனா உள்பக்கமும் வெள்ளையாத்தான் இருக்கு. அவரு கடைக்கு ஆளனுப்பி வெவரத்தச் சொல்லிரலாமான்னு கேட்டேன். அந்த மனுசன் கேட்டா ஒடனே வேணாம்னுருவாரு, அப்புறம் அடுப்புல எதை வைப்பேன்னு கேட்டாக.

முருகுதான் ஒரு வழி கண்டுபிடிச்சா. குடிக்கிற தண்ணியில ஒரு சொம்பு எடுத்து, சலிக்காத பொடிய அதுல போட்டுக் கலக்கி, பருமணலு அடியில எறங்குனதும் மேல பால் மாதிரி நின்ன தண்ணிய மட்டும் இன்னொரு சட்டியில வடிச்சு வச்சா. விடிஞ்சு பாத்தா தண்ணி தெளிஞ்சு அடியில வழுவழுன்னு சேறு. காய வச்சு, எண்ணெயில கிண்டி, நம்ம அடுப்படிக் கத்தியத் தீட்டினா. மறுநாளும் துருப் பிடிக்கல. வேட்டியில சலிச்சத விட நைசு. தெளிஞ்ச தண்ணியவே திரும்பவும் இடிக்கவும் கலக்கவும் ஊத்திக்கலாம்மா, ரொம்பத் தண்ணி வேணாம்னா. ஒங்க அய்யா அந்தக் கத்திய எடுத்துக் கை முடியில வச்சு இழுத்துப் பாத்தாக. நல்ல தண்ணிக்கு எங்க போறதுன்னு மட்டும் கேட்டாக.

அதுதான் இப்ப பெரும்பாடா இருக்கு. குழாயில தண்ணி எப்ப வரும்னு யாருக்கும் தெரியல. வண்டித் தண்ணி வாங்குனா பொடியில கெடைக்கிற காசு அதுக்கே போயிரும். இருக்குறது ஊரணி ஒண்ணுதான். அதுவும் இந்த வெயில்ல படிக்கட்டு பூரா தெரியுது. குடிக்க மட்டும்தான் அள்ளணும், காலு நனைக்கக் கூடாது, மாட்டுக்குக் கூட அள்ளக் கூடாதுன்னு தூர் வாருன அன்னைக்கு அய்யனார் கோயில்ல எல்லாரும் சேந்து செஞ்சு குடுத்த சத்தியம். அதுல முன்னாடி நின்னு சொன்னது ஒங்க அய்யா. ஊரணிக்கரையில பைக் கழுவ வந்தவன வெரட்டி விட்டதும் அவுகதான். நானே போயி கல்லு கழுவ அள்ளுனா எந்த மொகத்த வச்சிக்கிட்டு ஊருக்குள்ள நடப்பேன்னு கேக்குறாக. மூச்சு போறத விட மொகம் பெருசாப் போச்சான்னு நானும் கத்திட்டேன். கத்திட்டு, அவுக இருமுறதப் பாத்துட்டு, ஏன் கத்துனோம்னு இருந்துச்சு.

இந்த மாசம் ஊரணிக் காவல் சம்முகவள்ளி மதினி வீட்டு முறை. அவுக நெலத்துலதான் நாங்க களையெடுக்குறோம், ஒண்ணும் பேச முடியாது. நேத்து முருகு எங்கிட்ட சொல்லாமலே வழக்கமா எடுக்குறதுக்கு மேல ஒரு கொடம் எடுக்கப் போயிருக்கா. மதினி படியில உக்காந்துக்கிட்டு, என்னடி ஆத்தா, ஒங்க வீட்டுக் கல்லுக்கெல்லாம் தாகம் எடுக்குதாமேன்னு நாலு பேரு முன்னால கேட்டுருக்காக. எல்லாரும் சிரிச்சுருக்காக. இவ வெறுங்கொடத்தோட வந்துட்டா. அய்யாவுக்கு நெஞ்சு நோவுன்னு சொல்லிருக்கலாமேடின்னேன். சொன்னா அய்யாவப் பாத்துப் பாவப்படுவாகம்மா, அது அய்யாவுக்குப் புடிக்காதுங்கிறா. ஒங்க அய்யா நோவ வெளிய சொல்லக் கூடாதுன்னு பாக்குறவ இவ. வாக்க மீறக் கூடாதுன்னு அவுக. நடுவுல நான் கெடந்து முழிக்கிறேன். பெருநாள் முடிஞ்சதும் ஊர்க் கூட்டத்துல கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன், ஆனா அதுவரைக்கும் அந்த உரல் சத்தம் கேக்குற ஒவ்வொரு தடவையும் கைவேலைய விட்டுட்டுக் கொட்டகைய எட்டிப் பாக்குறேன்.

மகேசு, ஒன்ன வரச் சொல்லி இதை எழுதல. லீவு கேட்டு அங்கன பேச்சு வாங்காத. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. நீ வேலை பாக்குற எடத்துலயும் பஞ்சு பறக்குதுன்னு சொன்ன. அது மெத்துன்னுதானே இருக்குன்னு நெனச்சுராத, இங்கன பொடியும் விபூதி மாதிரிதான் இருந்துச்சு. குடுக்குற முகமூடிய வேர்க்குதுன்னு கழட்டாத. மத்த பிள்ளைக கழட்டுனாலும் நீ கழட்டாத. காலையில எந்திரிச்சதும் நெஞ்சு இறுக்குனா ஒடனே வார்டன் அம்மாகிட்டச் சொல்லு, அவுக என்ன நெனப்பாகன்னு பாக்காத. நீயாவது வாயத் தொறந்து பேசுவ. தலைக்கு எண்ணெய் வையி. சீரகத் தண்ணி குடி. ஒன் சிநேகிதி சூஃபியாவக் கேட்டதாச் சொல்லு, பெருநாளைக்கு அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகலன்னா அன்னைக்கு அவள தனியா விட்டுறாத.

ஞாயித்துக்கிழமை பேசும்போது அய்யாவக் கூப்பிடச் சொல்லு. பேச மாட்டாக, ஆனா நீ கேட்டன்னா அவுகளுக்கு ஒரு தெம்பு. இருமலப் பத்தி மட்டும் கேட்டுராத. அய்யனாரும் அம்மனும் ஒனக்குத் தொணையா இருக்கட்டும், நீ கால் வைக்கிற எடமெல்லாம் நல்லா இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒன் அம்மா
கு. ஈஸ்வரி

அக்கா, இதுக்குக் கீழ நானா எழுதுறேன், முருகு. அம்மா கையெழுத்துப் போட்டுட்டு ஆட்டை அவுத்துக் கட்டப் போயிருக்கு. கவரை ஒட்டலாம்னு எந்திரிச்சேன், அய்யா துண்டைக் கட்டிக்கிட்டுக் கொட்டகைக்குப் போனாக. இடிச்ச பொடி அண்டாவுல நெறய இருந்துச்சு, எல்லாம் சலிக்க வேண்டியது. அய்யா வேட்டிய விரிச்சாக. நான் அடுப்படிக்குப் போயி நம்ம குடிக்க வச்சிருந்த கொடத்தைத் தூக்கிட்டு வந்தேன். அது குடிக்கிற தண்ணி பிள்ளைன்னு அய்யா சொன்னாக. எம்பங்கு தண்ணிய்யா, நான் கெணத்துத் தண்ணி குடிச்சுக்குவேன்னு சொன்னேன். அவ்வளவு சத்தமா நான் அய்யாகிட்டப் பேசுனது இல்ல. அய்யா வேட்டியக் கையில பிடிச்சிக்கிட்டு நின்னாக. நான் கொடத்தை அண்டாவுல சாய்ச்சேன்.